சொந்தக் கணக்கு

அக்டோபர் கடைசி வாரம். டோர்ட்முண்ட் நகரத்தின் வடக்குப் பகுதியில் ஒரு வங்கிக் கிளை. உள்ளே நுழைந்ததும் சிவப்புப் பலூன்கள். 1924இல் மிலானில் கூடிய சேமிப்பு வங்கிக்காரர்கள் அக்டோபர் 31ஐ உலக சேமிப்பு நாளாக அறிவித்தார்கள். பல நாடுகள் அதை மறந்தே போயின. ஜெர்மனியில் இன்னும் இந்த வாரத்தில் குழந்தைகள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு வந்துவிடுகிறார்கள். நாணயம் எண்ணும் இயந்திரத்தின் வாயில் ஒரு சிறுவன் கொட்டிக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலச் சத்தம். வயது ஆறு இருக்கலாம். பிறந்தபோதே தாத்தாவோ பாட்டியோ தொடங்கி வைத்த கணக்காக இருக்கும். அவனிடம் யாரும் எந்தத் தாளையும் கேட்கவில்லை.

காத்திருப்போர் நாற்காலியில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஓர் இந்திய மாணவர், மடியில் பிளாஸ்டிக் கோப்போடு. இவரைப் போன்றவர்களின் கதை விசித்திரம். விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை ஊரிலிருந்தே இங்கே முடக்கக் கணக்கில் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். 2025 கணக்குக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் இங்கே ஒரு சாதாரணக் கணக்கு திறந்த பிறகுதான். ஆளுக்கு முன்னால் பணம் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆள் அதைத் தொடுவதற்கு வரிசையில் நிற்கிறார்.

தரையில் ஒரு மஞ்சள் கோடு. முன்னால் இருப்பவர் பேசும்போது அடுத்தவர் அதற்கு அப்பால் நிற்க வேண்டும். பிறர் பணப் பேச்சு காதில் விழக்கூடாது என்பதில் ஜெர்மானியர்களுக்குக் கண்டிப்பு அதிகம். ஆனால் காலுக்குத்தான் கோடு போட முடியும். ஆலோசனை அறையின் கண்ணாடிக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே தமிழ் கேட்டது.

“என்ர கொந்தோவிலயே உம்மட பேரையும் போட்டா அலுவல் முடிஞ்சுது. எதுக்கு ரெண்டு?” கொந்தோ என்றால் ஜெர்மனில் கணக்கு.

“வேலைக்குக் கூப்பிட்ட மனுசி என்ர பேரில வேணுமெண்டு சொன்னவ.”

கணவருக்கு நாற்பது கடந்திருக்கும். நெஞ்சில் ஏதோ நிறுவனத்தின் பெயர் தைத்த வேலைச் சட்டை. இங்கே வந்து வெகுகாலமானவர் என்பது நாற்காலியில் சாய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது இருக்கலாம். புதுக் குளிர்ச்சட்டை, கழுத்துவரை இழுத்துப் பூட்டிய ஜிப். உள்ளே சூடாகத்தான் இருந்தது, அவர் கழற்றவில்லை. மேசையில் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு சேர அடுக்கி வைத்திருந்தார்: இலங்கைப் பாஸ்போர்ட், வதிவிட அட்டை, நகர அலுவலகத்தில் வீட்டைப் பதிந்த சான்று, வரி எண் வந்த கடிதம்.

புதிதாக வருகிறவர்களை இந்த நாடு வழக்கமாக ஒரு வட்டத்தில் ஓட விடும். வீட்டைப் பதிந்த தாள் இல்லாமல் வங்கியில் இழுபறி. வீட்டுக்காரர் எழுதித் தராமல் வீட்டைப் பதிய முடியாது. வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரருக்கு மனம் வராது. 2016 முதல், சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், அகதி விண்ணப்பம் போட்டவருக்கும் வீடே இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததும் வட்டம் கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். இந்தப் பெண் அந்த வட்டத்தில் ஓடவில்லை. வீடு கணவர் பேரில் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாமே கணவர் பேரில் ஏற்கெனவே இருக்கிறது.

வங்கி அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டவர். கணவர் ஜெர்மனில் நிலைமையை விளக்கத் தொடங்கினார். அலுவலர் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மனைவியின் பக்கம் திரும்பினார்.

“உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?”

கணவர் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் தொடங்கிவிட்டார். எஸ், ஈ, ஃபௌ, ஆ... ஒவ்வொரு எழுத்தும் ஜெர்மன் உச்சரிப்பில், நிறுத்தி நிறுத்தி, ஒப்பிப்பதுபோல. அது ஒப்பித்ததுதான். மனைவி விசாவில் வருகிறவர்கள் பெரும்பாலும் முதல்நிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதன் பேச்சுப் பகுதியில் முதலில் கேட்பதே இதைத்தான்: பெயர், வயது, நாடு, இருக்கும் இடம், பிறகு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டு, ஓர் எண்ணைச் சொல். கொழும்பில் மனப்பாடம் செய்தது டோர்ட்முண்டில் கைகொடுத்தது. அலுவலர் தட்டச்சிக்கொண்டே “ஃபௌ, விக்டோர், என், நோர்ட்போல், டே, தியோடோர்” என்று திரும்பச் சொன்னார். எழுத்துக்கு ஒரு சொல் என்ற இந்தப் பழைய பட்டியலை 2022இல் மாற்றி ஊர்ப்பெயர்களை வைத்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டும் வாய்க்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பெயர் நீளமாகப் போனது. கட்டத்தின் வலது ஓரத்தில் எழுத்துகள் முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அலுவலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாஸ்போர்ட்டை ஒருமுறை பார்த்தார்.

“கடைசிப் பேர் என்ர பேரைப் போடச் சொல்லுறன், நீர் பேசாம இரும்.”

“பாஸ்போட்டில அப்பான்ர பேரெல்லோ கிடக்கு.”

கணவர் ஜெர்மனில் கேட்டுப் பார்த்தார். அலுவலர் இல்லையென்று தலையசைத்தார். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான். அந்த மாதத்திலிருந்து, அதாவது 2025 அக்டோபர் 9 முதல், யூரோ புழங்கும் நாடுகளில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணோடு பெயரும் பொருந்துகிறதா என்று வங்கிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் போடுகிறவர் ஒரு பெயர் எழுத இங்கே வேறு பெயர் இருந்தால் எச்சரிக்கை வரும். அவர் இதைப் பொறுமையாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் எங்கேயோ இருக்கும், ஒருவேளை இல்லாமலும் போயிருக்கும், ஒரு தகப்பனின் பெயர் முழுதாகக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

பிறகு கேள்விகள். “நீங்கள் அமெரிக்காவில் வரி கட்டக் கடமைப்பட்டவரா?” அந்தப் பெண் கணவரைப் பார்த்தார்.

“நீர் அமெரிக்காவோ எண்டு கேக்கினம்.”

“எங்கத்தைய அமெரிக்கா?”

இருவரும் சிரித்தார்கள், அன்றைக்கு முதல்முறையாக. 2010இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம் உலகத்து வங்கிகளையெல்லாம் இப்படிக் கேட்க வைத்திருக்கிறது. அமெரிக்காவை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர்களும் “இல்லை” என்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அடுத்த கேள்வியை அலுவலர் திரையைப் பார்த்து வாசித்தார். பணச்சலவைத் தடுப்புச் சட்டத்துக்காக எல்லோரிடமும் கேட்பது. கணக்கு திறந்த எவரும் யோசிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள். “இந்தக் கணக்கை உங்களுக்காகவே திறக்கிறீர்களா, வேறொருவர் சார்பில் திறக்கிறீர்களா?”

“யா, யா,” என்றார் கணவர்.

“மன்னிக்கவும். உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும்.”

கடுமையாகச் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னார். கணவர் முகம் லேசாகச் சிவந்தது. குனிந்து தமிழில் சொன்னார்: “காசு உம்மட காசோ, வேற ஆருக்கும் வேண்டிப் பிடிக்கிறீரோ எண்டு கேக்கினம்.” ஒழுங்கான மொழிபெயர்ப்பு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. ஊரில் அம்மா இருக்கலாம், படிக்கிற தம்பி இருக்கலாம், வந்த செலவுக்குப் பட்ட கடன் இருக்கலாம். வெளியே உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன தெரியும். மினிஜாப் என்று இங்கே எல்லோரும் சொல்லும் சிறு வேலைதான் அவருக்குக் கிடைத்தது என்றால், 2025இல் அதற்கு மாதம் 556 யூரோ உச்சவரம்பு. அது வருவதற்கு முன்பே எத்தனையாகப் பிரிந்திருக்கிறதோ. நம் வீடுகளில் சம்பாதிக்கிற பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதைச் சண்டை என்று சொல்லியிருப்பார்கள்.

ஜிப்பை அரைவாசி இறக்கினார். “யா,” என்றார். பிறகு, அது போதாது என்று நினைத்தவர்போல, “ஃபூர் மிஷ்” என்று சேர்த்தார். எனக்கு.

அலுவலர் கட்டத்தில் குறி போட்டார். அவருக்கு அது அன்றைய எத்தனையாவது குறியோ.

கையெழுத்து ஒரு சின்னத் திரையில், பிளாஸ்டிக் பேனாவால். அந்தப் பெண் தமிழில் போட்டார். வழுக்குகிற திரையில் சுழிகள் சரியாக விழவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அலுவலர் பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். படிக்கத் தெரியாத எழுத்தை இத்தனை கவனமாகப் பார்த்தவரை நான் கண்டதில்லை. கொம்பு, கால், புள்ளி என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இரண்டு எழுத்தும் 20 இலக்கங்களும் கொண்ட கணக்கு எண் அச்சடித்து வந்தது. அந்தப் பெண் தாளை வாங்கி, நான்கு நான்காகப் பிரித்திருந்த எண்களை உதடசைத்து வாசித்தார்.

“மூன்று கடிதங்கள் வரும்,” என்றார் அலுவலர். “ஒன்றில் அட்டை. ஒன்றில் இரகசிய எண். ஒன்றில் கைப்பேசிச் செயலிக்கான எண். வேறு வேறு நாளில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?”

ஜெர்மன் அடுக்கு வீடுகளில் பெரும்பாலும் கதவிலக்கம் கிடையாது. வீதி, கட்டடத்தின் எண், அதற்கு மேல் பெயர்தான் முகவரி. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும்.

“என்ர பேர் கிடக்குத்தானே. அது காணும்.”

அலுவலருக்குத் தமிழ் தெரியாது, தொனி தெரிந்திருக்கிறது. “கடிதத்தில் எந்தப் பெயரோ அந்தப் பெயர்,” என்று பெண்ணைப் பார்த்தே சொன்னார்.

அந்தப் பெண் தாள்களைக் கோப்புக்குள் அடுக்கினார். கணக்கு எண் தாளை மட்டும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“முழுப்பேரும் எழுதுவம்.”

“அவ்வளவுக்கு இடம் காணாது.”

“காணாட்டி வேற துண்டு ஒட்டுவம்.”

கணவர் எழுந்து நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்தார். “சரி, போற வழியில ஒரு ஒட்டுத்தாள் வாங்குவம்.”

“ரெண்டா வாங்குங்கோ. கதவு மணிக்கும் வேணும்.”