துபாய்: நீளவாக்கில் ஒரு நகரம்

துபாய் என்றதும் 828 மீட்டர் உயரமான புர்ஜ் கலீஃபாதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மகளின் பிரசவத்துக்காக அங்கே மூன்று மாதம் இருந்த எனக்கோ, ஊரின் நீளம்தான் பெரிய ஆச்சரியம்!

பழைய ஊர் 'க்ரீக்' என்ற கடற்கழியின் இரு கரையிலும் இருக்கிறது. ஒரு கரை தேய்ரா, எதிர்க்கரை பர் துபாய். 'அப்ரா' என்னும் மரப்படகில் ஒரு திர்ஹாம் கொடுத்தால் அக்கரைக்குப் போய்விடலாம். தேய்ராவில் தங்கக் கடைத்தெருவும் மசாலாக் கடைகளும் அடுத்தடுத்து. கழியில் மண் தூர்ந்து போனதால், 1960-ஐ ஒட்டி அதை ஆழப்படுத்தினார்கள். சரக்குப் படகுகள் தாராளமாக வந்தன, வியாபாரம் பெருகியது.

1966-ல் எண்ணெய் கிடைத்தது. ஆனால் அபுதாபி அளவுக்கு இல்லை. கெட்டிக்கார இல்லத்தரசி வந்த பணத்தைச் செலவழிக்காமல் சீட்டில் போடுவாளே, அந்த மாதிரி அதைத் துறைமுகத்தில் போட்டார்கள்! 1972-ல் ரஷீத் துறைமுகம், 1979-ல் தென்மேற்கே வெகுதூரத்தில் ஜெபல் அலி துறைமுகம், 1985-ல் அதை ஒட்டி வரிச்சலுகை வணிக மண்டலம். பழைய ஊருக்கும் ஜெபல் அலிக்கும் நடுவே, ஷேக் சாயித் சாலையின் இருபுறமும் ஊர் ரிப்பன் மாதிரி நீண்டுவிட்டது. எதிர்ப்பக்கம் போவதென்றால்கூட மெட்ரோ நிலையத்தின் நடைபாலத்தைத் தேடிப் போக வேண்டும். 2009-ல் வந்த மெட்ரோ ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு. கைக்குழந்தைக்காரிகளுக்கு எத்தனை சௌகரியம்! குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல் நீர்.

இந்த ஊரில் சம்பளம்தான் முகவரி. கடலோர ஜுமேராவில் வசதியானவர்களின் பங்களாக்கள். கராமாவிலும் பர் துபாயிலும் நம்மவர் குடும்பங்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்து ஷார்ஜாவில் குடியிருந்து தினமும் நெரிசலில் வருகிறார்கள். கட்டிடத் தொழிலாளர்களுக்கோ ஊர் ஓரத்தில் 'சோனாப்பூர்' முகாம். தங்க ஊர் என்று பெயர். இருப்பதோ ஓர் அறையில் பல பேர்!

மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4000 திர்ஹாம், அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். அதற்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர் தனியாகத்தான் காலம் தள்ள வேண்டும். அப்ராவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமநாதபுரத்துத் தம்பி, "எம் பொண்ணை போன்லதாம்மா வளர்க்கிறேன்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது புறப்படுகிறார்களா? சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். தங்குவது எந்தப் பகுதி, அறையில் எத்தனை பேர், சமையலுக்கு இடம் உண்டா, வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.