யாருக்கு ‘லே’, யாருக்கு ‘வே’? நெல்லையில் பேச்சுக் கொடுக்கும் முன்…

சென்னையில் ரயில் ஏறும்போது ‘சொல்லுங்க ப்ரோ’ என்று போனில் பேசிய அதே இளைஞர், மணியாச்சி தாண்டியதும் மாறிவிடுவார். ‘ஏலே, கங்கைகொண்டான் வந்துட்டு. வண்டிய எடுத்துக்கிட்டு ஜங்ஷனுக்கு வந்திருலே.’ வெளியூர் ஹாஸ்டலில் இந்த ‘லே’வுக்குக் கேலி கிடைக்கும். அதனால் பிள்ளைகள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஊர் நெருங்கியதும் அது தானாக வெளியே வந்துவிடுகிறது.

கேலிக்குப் பாதிக் காரணம் சினிமா. அரிவாளோடு ஒருவர் வந்தால் ‘ஏலேய்’ என்றுதான் தொடங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தாமிரபரணிக் கரையில் நிலவரம் வேறு. குறுக்குத்துறைப் படித்துறையில் ஒன்றாகக் குதித்துக் குளித்தவன், ஒரே பெஞ்சில் படித்தவன், தம்பி, மகன், பேரன்… இவர்களுக்குத்தான் ‘லே’. ‘வாலே, சாப்பிடு’ என்று அப்பா சொன்னால் அதில் இருப்பது பாசம் மட்டும். முன்பின் தெரியாதவர் சொன்னால் அதே ஓர் எழுத்து வம்பை இழுக்கும். ‘யாரைப் பாத்துலே லே போடுத?’ என்று பதில் வரும். அந்தக் கேள்விக்குள்ளும் ஒரு ‘லே’ இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

‘லே’வுக்கு ஒரு படி மேலே நிற்பது ‘வே’. இதற்கு ‘நீ’ சரிப்படாது, ‘நீரு’ வேண்டும். ‘என்ன வே, ஆளையே காங்கல?’, ‘வாரும் வே, ஒரு காப்பி குடிப்போம்.’ மரியாதையும் கிண்டலும் பாதிப்பாதி கலந்த சொல் இது. நாற்பது வயதைத் தாண்டிய சிநேகிதர்கள் ரதவீதி முக்கில் நின்று பேசினால், வாக்கியத்துக்கு ஒரு ‘வே’ விழும். அதற்கும் மேலே ‘அண்ணாச்சி’. அவரிடம் ‘சொகமா இருக்கியளா?’ என்றுதான் கேட்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில்கூட ‘அவிய’தான். மெட்ராஸ் மளிகைக் கடை வரை போன சொல் இது.

பெண்களின் பேச்சில் ‘ஏளா’. ‘என்னளா, சமையல் ஆயிட்டா?’ என்று தோழியைக் கேட்பார்கள். அக்கா ‘எக்கா’ ஆவார், ஐயா ‘எய்யா’ ஆவார். பெற்ற மகனையே ‘எய்யா, ராசா’ என்று கொஞ்சுகிற ஊர் இது.

தோழன், தோழி இருவரையும் உரிமையோடு விளிக்கும் பொதுச்சொல் ஒன்றைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது; அது ‘எல்லா’ என்கிறார்கள் உரையாசிரியர்கள். கலித்தொகையிலும் அந்த விளி உண்டு. ‘ஏலே’யும் ‘ஏளா’வும் அதன் வழி வந்தவை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காதால் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. அச்சில் இந்தப் பேச்சுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் புதுமைப்பித்தன்.

திட்டும் சொற்களும் நட்பின் கணக்கில்தான் வரும். மூதேவி சுருங்கி ‘மூதி’. பைத்தியத்துக்குக் ‘கோட்டி’. ‘ஒனக்கென்ன கோட்டியாலே?’ என்று சிநேகிதன் கேட்டால், அவன் அக்கறையாக இருக்கிறான் என்று அர்த்தம். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போனால் இந்த இடத்துக்கு ‘மக்கா’ வந்துவிடும்.

இன்னொன்று, அல்வா. ஏமாற்றியதை ‘அல்வா குடுத்துட்டான்’ என்று தமிழ்நாடே சொல்கிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் இருட்டுக்கடை வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அல்வா கொடுப்பவர் நல்லவர்.

வெளியூர்க்காரர்களுக்கு ‘லே’ போட்டுப் பார்க்கும் ஆசை வருவது சகஜம். டீக்கடையில் அந்தச் சோதனை வேண்டாம். ‘அண்ணாச்சி, ஒரு டீ’ போதும். கல்லாவில் இருப்பவருக்கு இருபது வயதுதான் என்றாலும் அவர் அண்ணாச்சிதான். நாலைந்து நாள் போய்ப் பழகிய பிறகு, அவரே ஒருநாள் ‘என்ன வே, இன்னைக்கு லேட்டு?’ என்று கேட்கக்கூடும்.