சாவிக்கொத்தும் ஒரே ஒரு ஷாக்கும்!

“சாவி... சாவி கொடுங்கடா!”

போன வருஷம், டிபார்ட்மென்ட் ஃபுட்பால் ஃபைனல். மதியம் மூணு மணி வெயில். பந்து எங்கேயோ இருக்க, எங்கள் டிஃபெண்டர் அப்படியே குப்புற விழுந்தான். கை, கால் ரெண்டும் வெட்டி இழுத்தன. ‘வலிப்புடா’ என்று யாரோ கத்த, ஓடிப்போய் என் பைக் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தேன். ஒருத்தன் முகத்தில் தண்ணீர் அடித்தான். இன்னொருத்தன் சோடா வாங்க ஓடினான். மற்ற எல்லோரும் சுற்றி நின்று காற்றை மறைத்தோம்.

அரை நிமிஷம்தான். தானாகவே கண் விழித்து, “ஸ்கோர் என்னடா?” என்றான். எல்லாம் சாவி மகிமை என்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்!

பேர் வேண்டாம், ‘மாப்ள’ என்றே வைத்துக்கொள்வோம். பி.டி. சார் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி., அப்புறம் எக்கோ. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?”

“சித்தப்பா... தூக்கத்துலயே போயிட்டார் சார். முப்பத்திரண்டு வயசு.”

ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. வாயில் நுழையாத பேர். விஷயம் இதுதான்: இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வேகமாக ஓடும்போது துடிப்பின் தாளம் தப்பலாம். “மேட்ச் எல்லாம் இனி வேண்டாம் தம்பி” என்றார் டாக்டர்.

நான் ஈ.சி.இ. ஸ்டூடன்ட். லேபில் ஆசிலோஸ்கோப்பில் தினமும் பார்க்கிற அலை மாதிரிதான் இருந்தது அந்த ஈ.சி.ஜி. பேப்பர். மில்லிவோல்ட் கணக்கில் வருகிற குட்டி சிக்னல். அது ஒருத்தனின் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடும் என்று எந்த புரொஃபசரும் சொல்லித் தரவில்லை.

ஒரு வாரம் மாப்ள யாரிடமும் பேசவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் செல்போனை நீட்டினான். திரையில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன். “இவன் மட்டும் ஆடலையா?”

அந்தக் கதை தெரியும்தானே? 2021 ஜூன் 12, யூரோ கோப்பை. கோபன்ஹேகனில் ஃபின்லாந்தோடு மேட்ச். முதல் பாதி முடியப்போகிற நேரம், எரிக்சன் நின்ற இடத்திலேயே சரிந்தார். கேப்டன் சிமோன் கியர் ஓடி வந்தார். டாக்டர்கள் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க, சக வீரர்கள் கேமராக்களை மறைத்து வட்டமாக நின்றார்கள். டிஃபிப்ரிலேட்டரில் ஒரே ஒரு ஷாக். இதயம் திரும்பத் துடித்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போதே கண் விழித்திருந்தார்!

பிறகு அவர் உடம்புக்குள் ஐ.சி.டி. வைத்தார்கள். பேட்டரியில் ஓடும் குட்டிக் கருவி. துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும், தாளம் ஆபத்தாகத் தப்பினால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு இத்தாலி லீகில் ஆட அனுமதி இல்லை. அதனால் 2021 டிசம்பரில் இன்டர் மிலானை விட்டு விலகினார். இங்கிலாந்தில் தடை இல்லை. 2022 பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்ட் அணிக்காக இறங்கினார். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோலே அடித்தார்.

மாப்ளயின் கேள்வி நியாயம்தான். ஒரே கருவி, ஒரு நாடு ‘போ’ என்கிறது, இன்னொரு நாடு ‘வா’ என்கிறது! ஆனால் டாக்டரிடம் கேட்டபோது ஒரே வரியில் முடித்தார்: “அவர் இதயம் வேற, உன் இதயம் வேற.”

தேடியபோது இன்னொரு பேர் கிடைத்தது. கேமரூனின் மார்க் விவியன் ஃபோ. 2003 ஜூன் 26, லியோன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. பக்கத்தில் யாருமே இல்லாமல் விழுந்தார். வயது 28. அவர் எழவே இல்லை. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, மாப்ளக்கு இருக்கிற அதே நோய். அதை நான் மாப்ளயிடம் காட்டவில்லை. அவனே ஏற்கெனவே படித்திருந்தான்.

சரி, முன்கூட்டியே மெஷினில் டெஸ்ட் எடுத்தால் போதுமா? இத்தாலியில் 1982 முதலே போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு பரிசோதனை கட்டாயம். வெனட்டோ பகுதியில் அதன்பின் இளம் வீரர்களின் திடீர் மரணம் 89 சதவிகிதம் குறைந்ததாக ஆய்வு வந்தது. பெரிய விஷயம். ஆனால் விழுந்தபோது எரிக்சனும் இத்தாலி கிளப் வீரர்தான். மெஷின் எல்லாவற்றையும் பிடித்துவிடாது.

எங்கள் கதையில் மெஷினுக்கு முன்னாலேயே ஒரு தப்பு நடந்திருக்கிறது. மொட்டை மாடியில் மாப்ள மெதுவாகச் சொன்னான்: “பிராக்டிஸ்லயே ரெண்டு தடவை கண்ணு இருட்டிருச்சுடா. சொன்னா டீம்ல இருந்து தூக்கிருவாங்கன்னு சொல்லலை.” எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை அவன் குனிந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன். ‘என்னடா, நைட்டு முழுக்க படமா?’ என்று கலாய்த்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்தச் சாவிக்கொத்து இன்னும் உறுத்துகிறது. இதயம் நின்றவனுக்கும் முதலில் வலிப்பு மாதிரி கை கால் இழுக்கலாம் என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு நிஜமாகவே நின்றிருந்தால்? ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறையும். நாங்கள் சோடாவுக்குக் காத்திருப்போம்!

இப்போது மாப்ள எங்கள் டீமுக்கு கோச். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் ஹாஸ்டல் தலையணையைத் தரையில் போட்டு, ‘அழுத்துங்கடா’ என்கிறான். விழுந்தவனுக்குப் பேச்சில்லையா, மூச்சு ஒழுங்காக இல்லையா... உடனே 108. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். ஏ.இ.டி. கருவி கிடைத்தால், அது துடிப்பைப் படித்துத் தேவை இருந்தால் மட்டுமே ஷாக் கொடுக்கும். என்ன செய்யணும் என்று வாய்விட்டே சொல்லும். கருவி கேட்டு நாங்கள் கொடுத்த லெட்டர் காலேஜ் ஆபீஸில் தூங்குகிறது. அதையும் தட்டி எழுப்புவோம்!

அப்புறம் மாப்ள போட்ட புது ரூல்: மயக்கம் வந்ததை மறைக்கிறவனுக்குத்தான் டீமில் இடமில்லை. சொன்னவனுக்கு எப்பவும் உண்டு.

போன வாரம் ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கி வந்து, “அண்ணே, நெஞ்சு படபடங்குது” என்றான். மாப்ள பிராக்டிஸை நிறுத்திவிட்டு என் பக்கம் கையை நீட்டினான்.

“சாவி கொடுடா.”

பைக்கை எடுத்துக்கொண்டு அவனை டாக்டரிடம் கூட்டிப் போகத்தான்!