ஷெல் பீஸுக்கு இன்சூரன்ஸ் இல்லை

எங்கள் ஒஃபிஸில் அரசியல் கதைக்கக்கூடாது என்று எழுதிய சட்டம் ஒன்றும் இல்லை. கதைக்காத ஆட்களும் இல்லை. 2022இல் வேலை முடிந்து நேரே காலிமுகத்திடலுக்குப் போனவர்களும், "இப்பிடியே கத்திக்கொண்டிருந்தா நாட்டுக்கு ஒரு டொலரும் வராது" என்று சொன்னவர்களும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தல் நேரம் அந்த மேசை அனுர, சஜித், ரணில் என்று மூன்றாகப் பிரிந்தது. என்னிடம் மட்டும் மூன்று பக்கத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்க உங்கட தமிழ்ப் பொது வேட்பாளருக்கா?" நான் யாருக்குப் போட்டேன் என்பதை அம்மாவுக்கே சொல்லவில்லை, இவர்களுக்கா சொல்லப்போகிறேன்.

அந்தச் சண்டைகளால் ஒருவருடைய சம்பளமும் குறையவில்லை. 2025 ஜனவரியில் எச்.ஆரிடமிருந்து வந்த ஒரு மின்னஞ்சல்தான் காசைத் தொட்டது. ஒஃபிஸ் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற காலம். கட்டணம் கூடிவிட்டது, மூன்று வழி இருக்கிறது, வாக்களியுங்கள் என்றார்கள். ஒன்று, எல்லாருடைய சம்பளத்திலும் மாதம் இன்னும் 1,800 ரூபா வெட்டுவது. இரண்டு, ஆஸ்பத்திரி பில்லில் ஐந்தில் ஒரு பங்கை நாங்களே கட்டுவது. மூன்று, அம்மா அப்பாமாரைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் மட்டும் தனியாகக் காசு கட்டிச் சேர்ப்பது.

கட்டணம் ஏன் கூடியது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. 2025இல் 300 அளவில் நின்றது. மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைக் கூடத்து இரசாயனம், ஸ்கேன் மெஷினின் உதிரிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. பிறகு அது இறங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது, ஏறுகிற வேகம்தான் குறையும். ஆஸ்பத்திரி பில் ஏறிய இடத்திலேயே நிற்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு வந்த நாட்களில், துண்டை எழுதித் தந்து "வெளியில வாங்குங்கோ" என்றார்கள். டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இன்சூரன்ஸ் காட் கையில் இருந்தவர்கள் பிரைவட் பக்கம் திரும்பினோம். முந்தி வருடத்துக்கு ஒருமுறைகூடக் காட்டைத் தொடாதவர்கள் மாதாமாதம் சனல் பண்ணத் தொடங்கினார்கள். குழுக் காப்புறுதியில் கொம்பனி பார்ப்பது ஒரு கணக்கைத்தான்: போன வருடம் இந்த ஒஃபிஸ் எவ்வளவு கட்டியது, எவ்வளவு எடுத்தது. எடுத்தது கூடினால் அடுத்த வருடக் கட்டணமும் கூடும்.

இந்தக் கணக்கு வெளியில் தெரிந்த அன்றிலிருந்து ஒஃபிஸின் பேச்சே மாறிவிட்டது. இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டு வந்தவரிடம் "இப்ப சுகமா?" என்று கேட்கும்போதே "எங்க காட்டினீங்க?" என்ற கேள்வியும் கூட வந்தது. கேட்டவர் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பில் ஒளிந்திருந்தது.

இந்தக் கதையில் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் அனுராதபுரம் மாவட்டத்துக்காரர். எங்கள் டீமில் மூத்தவர். சிங்களத்தில் அண்ணாவுக்கு 'அய்யா' என்பது வழக்கம், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை நங்கி என்பார். அவருடைய சொந்த அண்ணா ஆமியில் இருந்தவர். மே மாதம் வந்தால் அய்யாவின் முகப்புத்தகத்தில் சிங்கக்கொடி ஏறும். மற்றவர் வெள்ளவத்தைத் தமிழ்ப் பெடியன், என் வயதுதான். அரகலயவில் கூடாரத்தில் படுத்தவன். முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பற்றி ஒஃபிஸில் சிங்களத்தில் விளங்கப்படுத்தக்கூடிய ஒரே ஆள். அரசியலில் நானும் அவனும் பத்துக்கு ஒன்பது விஷயத்தில் ஒத்துப்போவோம்.

வாக்கெடுப்புக்கு முதல் நடந்த கூட்டத்தில் அவன்தான் மூன்றாவது வழிக்காக முதலில் கதைத்தான். "என்ர அம்மா அப்பா கனடாவில. நான் ஏன் மற்றாக்களின்ர பேரன்ட்ஸுக்குக் கட்டவேணும்?" என்றான். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைத்தவர்களிடம் 36 வீதம் வரைக்கும் வரி வெட்டினார்கள், 2025 ஏப்ரலில்தான் எல்லையை ஒன்றரை இலட்சமாக்கப் போகிறார்கள், அதற்குள் இன்னொரு வெட்டா என்று கேட்டான். அவன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. வீட்டு வாடகை அவனுக்கும் கூடித்தான் இருந்தது.

அய்யா எழும்பி, முதலாவது வழிக்குப் போடச் சொன்னார். அவருடைய அம்மா சிறுநீரக நோயாளி. வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களை 1990களிலிருந்து தின்றுகொண்டிருக்கிற, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத அந்த நோய். கிழமைக்கு இரண்டு முறை டயலிசிஸ். அதை அரசாங்க ஆஸ்பத்திரிதான் செய்கிறது. அதைச் சுற்றி வருகிற மற்றச் செலவுகளுக்குத்தான் அவருக்கு இன்சூரன்ஸ் வேண்டும். "அம்மாவை எடுத்தா நான் இந்தக் கொம்பனியில இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் போயிரும்" என்றார்.

நானும் முதலாவது வழிக்குத்தான் கை தூக்கினேன். என் காரணம் வேறு.

என் அப்பாவின் இடது காலில் 2009இலிருந்து ஷெல் பீஸ் இருக்கிறது. வன்னியில் எங்கள் தலைமுறை வீடுகளில் இது புதினமே இல்லை. "எடுத்தா நரம்பு போகும், இருக்கட்டும்" என்று அப்போது டொக்டர்மார் சொன்னார்கள், இருந்தது. 2023இல் அந்த இடம் பழுத்து, கொழும்புக்குக் கூட்டிவந்து ஒரு துண்டை எடுத்தோம். பில் 1,86,000 ரூபா. கிளெய்ம் போட்டேன். மூன்று கிழமையில் மறுத்துக் கடிதம் வந்தது. ஒன்று, இது திட்டத்தில் சேருவதற்கு முன்பே இருந்த நிலை. இரண்டு, யுத்தம், கிளர்ச்சி, உள்நாட்டுக் கலவரத்தால் வரும் காயங்களுக்குக் காப்புறுதி இல்லை.

இரண்டாவது வரி இந்தக் கொம்பனி மட்டும் எழுதியது அல்ல. உலகம் முழுக்கக் காப்புறுதிப் பத்திரங்களில் சின்ன எழுத்தில் இருப்பதுதான். ஆனால் முப்பது வருடம் யுத்தம் நடந்த நாட்டில் அந்த வரி யாரை வெளியில் விடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வடக்குக் கிழக்கில் எத்தனை உடம்புகள், எல்லைக் கிராமங்களில் எத்தனை உடம்புகள். ஆமியில் இருந்து காயப்பட்டவருக்கு அரசாங்கத்தின் கொடுப்பனவு இருக்கிறது. வயலில் நின்ற என் அப்பாவுக்கு அந்தச் சின்ன எழுத்துத்தான்.

மேன்முறையீட்டுக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தந்தவர் அய்யா. நல்ல கடிதம், அரை நாள் இருந்து எழுதினார். எழுதி முடித்து அச்செடுக்கும்போது, "புலிகள் சனத்தைப் பிடிச்சு வச்சிருக்காட்டி இது நடந்திருக்காது நங்கி" என்றார். "ஷெல் எந்தப் பக்கத்தில இருந்து வந்தது எண்டு நான் பார்த்தனான் அய்யா, எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அவர் கடிதத்தை மடித்துக் கவரில் போட்டார். மேன்முறையீடும் சரிவரவில்லை.

வாக்கெடுப்பில் மூன்றாவது வழிதான் வென்றது. எங்கள் ஒஃபிஸில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் கூட, அதனால் ஆச்சரியம் இல்லை. இப்போது அம்மா அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 9,500 ரூபா தனியாகக் கட்டுகிறேன். முந்தி 3,200.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விருப்பமானவர்கள் மட்டும் சேரலாம் என்றால், வீட்டில் வருத்தக்காரர் இருப்பவர்கள்தான் சேருவார்கள். சுகமான பெற்றோர் உள்ளவர்கள் விலகுவார்கள். அப்போது மிச்சமிருக்கும் கூட்டத்தின் செலவு தலைக்குக் கூடும். அடுத்த வருடம் கட்டணம் இன்னும் ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் காசு கட்டவே முடியாத விலையில், மிக வருத்தமானவர்கள் மட்டும் நிற்பார்கள்.

எங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. அய்யாவின் ஊரிலும் இருக்கிறது, அங்கே மரணாதார சமிதிய என்பார்கள். மாதம் ஒரு சின்னத் தொகை. செத்த வீடு என்றால் சங்கம் காசு தரும், கூடாரமும் கதிரையும் அங்கிருந்தே வரும். "எங்கட வீட்டில வயசானாக்கள் இல்லை, நான் ஏன் கட்டவேணும்?" என்று ஒருவரும் கேட்டதை நான் காணவில்லை. தன் வீட்டுக்கும் ஒருநாள் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டாதவரின் செத்த வீட்டில் யார் கதிரை அடுக்குவது? வட்டிக் கணக்கு, விகிதாசாரம் எல்லாம் படித்த நாங்கள் ஒஃபிஸில் அந்த ஊர்ச் சங்கத்து அளவுக்குக்கூட ஒன்றாக நிற்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஓர் அமெரிக்கக் கொம்பனி. அவர்களின் பக்கத்தில் என்னோடு வேலை செய்பவரிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அங்கே அரசாங்கம் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியது. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிமார் ஆள் பிடிக்க மருத்துவக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, 2024இல் ஒரு குடும்பத்துக்கான சராசரிக் கட்டணம் வருடத்துக்கு 25,000 டொலரைத் தாண்டிவிட்டது. அதில் 6,000 டொலருக்கு மேல் தொழிலாளியே கட்டுகிறார். அவருடைய மகனுக்கு இன்சுலின் வேண்டும். வேலையை விட நினைத்து மூன்று வருடமாம், இன்சூரன்ஸுக்குப் பயந்து விடவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு ஊரில் அப்பாவின் கிளினிக் கொப்பிதான் நினைவில் வந்தது. நாளைக்கே எனக்கு வேலை போனாலும் அப்பாவின் பிரஷர் குளிசை நிற்காது. வரிசை நீளம், வாங்கு உடைந்திருக்கும், சில மருந்து இருக்காது. ஆனால் கொப்பியைப் பார்த்து யாரும் "பிள்ளை எங்க வேலை செய்யுது?" என்று கேட்பதில்லை. அய்யாவின் அம்மாவுக்கு டயலிசிஸ் செய்வதும் அதே கையால்தான். எங்கள் உண்மையான இன்சூரன்ஸ் அது. காட் கிடைத்தபின் நாங்கள் அதைப் பற்றி வாயே திறக்காமல் விட்டுவிட்டோம். தேர்தல் நேரம் மேசையில் ஐ.எம்.எஃப். பற்றிக் கதைத்தோம், ஊழல் பற்றிக் கதைத்தோம். எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து இல்லை என்று யாரும் கதைக்கவில்லை.

அதைவிட ஒன்று. எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போட்டுத் தருகிற அக்கா இந்த வாக்கெடுப்பில் இல்லை. அவர் மேன்பவர் கொம்பனி ஆள். முதலாவது வழி வென்றிருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அய்யாவும் வெள்ளவத்தைப் பெடியனும் நானும் மூன்று பக்கமாக நின்று சண்டை பிடித்த அந்தக் கூட்டத்தில் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

மே மாதம் வந்தது. 18ஆம் திகதி நான் லீவு. அடுத்த நாள் அய்யாவின் பக்கத்தில் கொடி ஏறியிருந்தது. வெள்ளவத்தைப் பெடியன் அதன் கீழே நீளமாக ஒரு பதில் எழுதியிருந்தான், ஒவ்வொரு வரியும் நான் எழுதியிருக்கக்கூடியது. நான் அவனுக்கு விருப்பம் போட்டேன். இன்சூரன்ஸில் அய்யா என் பக்கம் நின்றார் என்பதற்காக அந்தக் கொடி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. பெடியன் சரியாக எழுதினான் என்பதற்காக மாதம் 9,500 குறையவும் இல்லை. யாரோடு நினைவேந்தலுக்குப் போவேன் என்பதும், யாரோடு சேர்ந்து எச்.ஆருக்குக் கடிதம் எழுதுவேன் என்பதும் இரண்டு வேறு பட்டியல். இரண்டு பட்டியலும் எனக்கு வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்லி யார் கேட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்த ஜனவரிக்கு முதல் கொடுப்பதற்கு ஒரு கடிதம் தயாராகிறது. சிங்களத்தில் அய்யாவும் தமிழில் நானும் எழுதுகிறோம். நான்கு விஷயம் கேட்கிறோம். கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்ற கணக்கை, பெயர்கள் இல்லாமல், எல்லாருக்கும் காட்டவேண்டும். பெற்றோரைத் திரும்பப் பொதுத் திட்டத்தில் சேர்த்து, எல்லாருக்கும் ஒரே தொகை வெட்டாமல், சம்பளத்துக்கு ஏற்ற வீதத்தில் வெட்டவேண்டும், மனேஜருக்குக் கூட, புதுசாக வந்தவருக்குக் குறைய. மேன்பவர் ஆட்களையும் சேர்க்கவேண்டும். யுத்தக் காயம் பற்றிய வரியை எடுக்கச் சொல்லிக் காப்புறுதிக் கொம்பனியோடு பேரம் பேசவேண்டும்.

நாலாவதைச் சேர்க்கலாமா என்று அய்யாவிடம் கேட்டேன். கனநேரம் யோசித்தார். "யுத்தம் எண்ட சொல்லை மட்டும் போடுவம். ஆர் ஆருக்குச் செய்தது எண்டு எழுதவேண்டாம்" என்றார். அதற்கு ஒத்துக்கொண்டேன். எங்கள் எண்ணிக்கையில் இதுவரை பதினொரு கையெழுத்து. வெள்ளவத்தைப் பெடியன் இன்னும் போடவில்லை, முதலாவது கோரிக்கைக்கு மட்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறான்.