கடைசி வரி

ஈஈஜி திரையில் ஒரு பக்கம் என்றால் பெரும்பாலும் 10 விநாடி. மேலே மூளையின் வரிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஈசிஜி. நிமிடத்துக்கு 72 துடிப்பு உள்ளவருக்குப் பக்கத்துக்கு 12 துடிப்பு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை முதலில் அதைத்தான் எண்ணச் சொல்வேன். “ஃபிட்ஸ் பார்க்கத்தானே வந்தோம், ஹார்ட் எதுக்கு அக்கா?” என்பார்கள். இதயத் துடிப்பு மூளை வரிகளில் கலந்து வலிப்பு ஸ்பைக் போல ஏமாற்றும், அதைப் பிரித்தறியத்தான் அந்த வரி என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிப் பயன்தான்.

வலிப்பு வந்தால் இதயம் ஓடும். 12 துடிப்பு இருந்த பக்கத்தில் 20 தெரியும். அதுதான் வழக்கம். வீடியோ ஈஈஜி வார்டுக்கு வரும் ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் நேர்மாறாக, இதயம் மெதுவாகி நின்றுபோகும். பெரும்பாலும் பொட்டுமடலில் கிளம்பும் வலிப்புகள் இவை. அந்தக் கிளர்ச்சி இன்சுலா, அமிக்டலா பக்கம் பரவி, வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை அடக்கிவிடும் என்பது பொதுவான விளக்கம்.

நான் பார்த்த ஓர் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலிப்பு வந்தால் அழுத்தும் பொத்தானைக் கணவர் அழுத்தினார். அம்மா வாயைச் சப்புக்கொட்டினார், புடவை முந்தியை நிமிண்டினார். திரையில் பொட்டுமடல் தாளம் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் துடிப்பு ஐந்தாறாகக் குறைந்தது, அதற்கடுத்து ஒன்றுமே இல்லை. முகம் வெளுத்து உடல் சரிந்தது, கைகள் இரண்டு மூன்று முறை வெட்டின. மூளை வரிகள் பெரிய மந்தமான அலைகளாகிப் பிறகு படுத்துவிட்டன. சிஸ்டர் ஓடிப்போய் மல்லாத்துவதற்குள் ஒரு துடிப்பு வந்தது, பின்னாலேயே மற்றவையும் வந்தன. முகத்தில் ரத்தம் ஏறியது. “எப்பவும் இப்படித்தான் மேடம். கொஞ்ச நேரம் முழிப்பா, அப்புறம்தான் விழுவா” என்றார் கணவர். பாதி நோய்க்கணிப்பு அந்த வாக்கியத்திலேயே இருந்தது.

ஈசிஜி வரி படுத்தால் லீடு கழன்றதோ என்ற சந்தேகம் வரும், வரவேண்டும். கழன்ற லீடு சும்மா இருக்காது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலில் தடித்துத் துள்ளும். இதயம் நின்றால் வரி அமைதியாக நேராக ஓடும், மேலே மூளை வரிகளில் கலந்திருந்த நாடித் துடிப்பும் கூடவே மறையும். பிறகு வீடியோவில் முகத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் டாக்டரைக் கூப்பிடத் தயங்கக் கூடாது.

இது புதுச் சங்கதியும் இல்லை. வலிப்பின் தொடக்கத்தில் நாடி நின்றதை ரஸல் என்ற மருத்துவர் 1906லேயே ‘லான்செட்’டில் எழுதிவிட்டார். அதே இதழில் 2004ல் வந்த லண்டன் ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 20 பேரின் நெஞ்சுத் தோலுக்கடியில் பதிவுக்கருவி வைத்தார்கள். நான்கு பேருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. சாதாரண நாளில் எடுக்கும் ஈசிஜி, இப்படி இதயம் நிற்பவர்களில் பலருக்குச் சுத்தமாக இருக்கும். அதனால் இதய டாக்டர் மூளை டாக்டரிடம் அனுப்புவார். இங்கே, விழுந்ததையும் கை வெட்டியதையும் வைத்துப் பெரிய வலிப்பு என்று மாத்திரை கூடும். கார்பமாஸெபின் போன்ற சில மாத்திரைகள் இதயத்தின் மின்கடத்தலை மந்தமாக்கக்கூடியவை என்பது இதில் இன்னொரு சிக்கல்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த நிறுத்தம் பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும். ரத்தம் போகாத மூளையில் வலிப்பும் நீடிக்க முடியாது. வலிப்பு நோயாளிகளின் திடீர் மரணம் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. 2013ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, கைகால் வெட்டும் பெரிய வலிப்பு முடிந்த பிறகு மூச்சு முதலில் அடங்கி இதயம் பின்னால் நிற்பதைக் காட்டியது. வலிப்பின்போது இதயம் நிற்பவர்களுக்கு உடனடி ஆபத்து கீழே விழுவதுதான். வலிப்பு மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ அடங்கினால் இதயமும் நிற்காது. அடங்காதவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைப்பதுண்டு. அது வலிப்பை நிறுத்தாது, விழுவதைத் தடுக்கும்.

வீட்டில் வலிப்பு உள்ளவர் இருந்தால் இரும்புச் சாவி தேட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உட்கார வைக்காதீர்கள். இன்னொருவர் இருந்தால் முகம் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுக்கட்டும். விழுந்தது எடுத்த எடுப்பிலா, முழித்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் கழித்தா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.