அட்லாண்டிக்கைக் கடக்கும் குடும்பக் கப்பல்

குளிர்காலமெல்லாம் கரீபியன் தீவுகளைச் சுற்றிவந்த டிஸ்னி கப்பல், கோடைக்கு மத்தியதரைக் கடலில் உத்தியோகம் பார்க்கவேண்டி, ஃபுளோரிடாவிலிருந்து பார்சிலோனாவுக்கு இடம்பெயரும்போது, வெறுமனே போவானேன் என்று பிரயாணிகளையும் ஏற்றிச் செல்வதுண்டு. துறைமுகங்களை நம்பி இதில் ஏறுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்; அஸோர்ஸ் தீவுகளில் ஒரு பகல் கால்வைக்கக் கிடைத்தால் அதுவே விசேஷம், மற்றபடி நாற்புறமும் சமுத்திரந்தான். பள்ளிக்கூடங்கள் நடக்கிற காலமாதலால், மிக்கி மௌஸோடு கைகுலுக்க வரிசையில் நிற்பவை பெரும்பாலும் நரைத்த தலைகள். (அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் குழந்தைகளுக்குக்கூட வராது.)

கிழக்கு நோக்கிய யாத்திரையில் கடிகாரம் ஒவ்வொரு மணியாக முன்னே தள்ளப்பட்டு, இரு கரைகளுக்கும் இடையிலுள்ள 6 மணி வித்தியாசமும் தவணை முறையில் நம் தூக்கத்திலிருந்து வசூலிக்கப்படுகிறது. நித்திரைப் பிரியர்கள், 25 மணி நேர நாட்களைத் தருகிற இலையுதிர்கால மேற்குப் பிரயாணத்தைத் தேர்ந்துகொள்வது உத்தமம்.

போஜன மண்டபம் இரவுக்கிரவு மாறினாலும், பரிமாறுகிறவர்கள் நம்முடனேயே மாறி வருகிறார்கள். சில தினங்களுக்குள் என் மனைவி கேளாமலே, ஐஸ் போடாத தண்ணீர் அவள் முன் வந்து அமர்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று: இந்த ஒருவழிப் பிரயாணத்தின் கட்டணம் மலிவென்று மகிழுமுன், திரும்பிவர விமான டிக்கெட்டையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.