வடலூர் அடுப்பு

ஒரு கோயிலின் வயதைக் கல்வெட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மாளிகையின் வயதைத் தூணைத் தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அடுப்புக்கு வயது சொல்லும் சாஸ்திரம்தான் எங்கும் இல்லை. நம் வீடுகளில் அது காலையில் பிறந்து இரவில் மடிகிற ஜீவன். காஸ் வந்த பிற்பாடு அதற்கு அரை மணி ஆயுள்கூட இல்லை. அப்படியிருக்க, கடலூர் மாவட்டத்து வடலூரில், 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி பற்ற வைத்த ஓர் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள்.

பற்ற வைத்தவர் இராமலிங்க அடிகள். இடம், சத்திய தருமச்சாலை. அடுப்பின் நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. வருகிறவருக்கு ஜாதி என்ன, மதம் என்ன, ஊர் எது என்று கேட்காமல் சோறு போடுவதற்காக வைத்த அடுப்பு அது.

தை மாதம் பிறந்தால் பத்திரிகைகளில் வடலூர்ச் செய்தி வந்துவிடும். ஸ்பெஷல் பஸ், போலீஸ் பந்தோபஸ்து, ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம், லட்சக்கணக்கில் ஜனங்கள் என்று வருஷா வருஷம் ஏறக்குறைய அதே வாசகம்தான். தைப்பூசத்தன்று தமிழ்நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடியிருக்கும் என்ற அறிவிப்பும் கூடவே வரும். வள்ளலார் நினைவு நாள் என்பதற்காக அந்த ஏற்பாடு. 2021 முதல் தைப்பூசம் அரசாங்க விடுமுறையும் ஆகிவிட்டது. அடுப்பைப் பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வரி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. தினந்தோறும் நடக்கிற காரியம் எப்படிச் செய்தியாகும்?

ஆனால் வடலூரின் கதையில் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சென்னை ஏழுகிணற்றில் வெகு காலம் இருந்த அடிகள் 1858 வாக்கில் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டு, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி கிராமத்தில் வந்து தங்கினார். 1866-இல் பஞ்சம். சென்னை ராஜதானியின் பல ஜில்லாக்களில் ஜனங்கள் பசியால் அலைந்தார்கள். மறு வருஷமே அவர் பார்வதிபுரத்து ஜனங்களிடம் நிலம் கேட்டார். அவர்கள் 80 காணியை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் முதலில் எழும்பியது கோயிலா? இல்லை. மண்சுவரும் கூரையுமாக ஒரு சமையற்கட்டு. ஜோதி தரிசனம் நடக்கிற சத்திய ஞான சபை, எண்கோண வடிவத்தில், அதே நிலத்தில் பின்னால்தான் வந்தது. அதைத் திறந்து வைத்தது 1872-ஆம் வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி, ஒரு வியாழக்கிழமை, தைப்பூசத்தன்று. நடுவில் முழுசாக நாலரை வருஷத்துக்கு மேல் அங்கே சோறுதான் இருந்தது, சபை இல்லை.

பசியை அவர் ஒரு நெருப்பாகவே கண்டார். ஏழையின் வயிற்றில் பற்றுகிற அந்த நெருப்பை ஆகாரத்தால் அவிப்பதுதான் ஜீவகாருண்யம் என்பது அவருடைய போதனை. ஒரு தீயை அணைப்பதற்காக இன்னொரு தீயை அணையாமல் வைத்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தைப்பூசத்தன்று ஆறு வேளை திரை விலகுகிறது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, ஏழாவதாகக் கலப்பு வர்ணம். ஏழும் விலகினால் கண்ணாடியும் தீபமும். விக்கிரகம் கிடையாது. சபைக்கு முன்னால் கிடக்கிற வெட்டவெளிக்குப் பெருவெளி என்று பெயர். விடியற்காலைப் பனியில் அதில் நின்று, முன்னால் நிற்கிறவருடைய தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சுடரைப் பார்த்துவிட்டு, ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று எல்லோரோடும் சேர்ந்து குரல் கொடுத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். என்னைப் போலப் பாதி நம்பிக்கைக்காரனுக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. அப்புறம் எல்லோருமாகச் சாப்பாட்டுக்குப் போகிறோம்.

சாலைகள்தோறும் அன்னதானப் பந்தல்கள். கிராமங்களிலிருந்து அரிசி மூட்டையும் பூசணிக்காயும் வாழை இலையும் வந்து இறங்குகின்றன. இரண்டு அடி நடப்பதற்குள் யாராவது கையைப் பிடித்து, “ஐயா, சாப்பிட்டுப் போங்கய்யா” என்று இழுக்கிறார்கள். சன்மார்க்கத்தாரிடம் ஒரு நல்ல பழக்கம்: சின்னப் பையனைக்கூட ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை போகிறவருக்குத் தம் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த பிற்பகலில் தருமச்சாலைப் பக்கம் போனேன். வெள்ளை வேஷ்டியும் தலையில் வெள்ளை முக்காடுமாக ஒரு பெரியவர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்கக்கூடாததுதான், இருந்தாலும் கேட்டேன்.

“ஐயா, இது ஒரு நாளாவது அணைந்திருக்காதா?”

“என் காலத்திலே இல்லீங்கய்யா. மழை நாளிலே விறகு ஈரமா வரும், புகையும். புகைஞ்சாலும் நெருப்பு நெருப்புதானுங்களே.”

“தானே புயலின்போது?”

2011 டிசம்பர் 30-ஆம் தேதி அந்தப் புயல் கடலூர்ச் சீமையில் பலா, முந்திரித் தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டது. பெரியவர் சிரித்தார்.

“அப்ப விறகுக்குப் பஞ்சமே இல்லீங்க. விழுந்தது பூரா விறகுதானே. சாப்பிட வந்தவங்கதான் நிறைய.”

பக்கத்திலேயே நெய்வேலி. பூமியை வெட்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து, எரித்து, மின்சாரம் பண்ணுகிறார்கள். அந்தப் பெரிய தீக்குப் பக்கத்தில் இந்தச் சின்னத் தீ. பெரியதற்கு எத்தனையோ என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். சின்னதற்கு இரவில் விழித்துக்கொண்டு கட்டையைத் தள்ளிவிட ஒரு மனிதர் போதும். ஆனால் 1867-இலிருந்து ஒவ்வோர் இரவும் அப்படி ஒருவர் இருந்திருக்கவேண்டுமே! அவர்கள் பெயர் எதிலும் எழுதியிருக்கவில்லை.

முக்கியமாக ஒரு கட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1874-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், போடட்டும். எனக்கு அதைவிட அதிசயமாகப் படுவது வேறு. அவர் போன இரண்டாம் வருஷம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சம். ஆரம்பித்தவர் இல்லை, கேட்டால் கொடுக்க வைக்கிற அந்தக் குரலும் இல்லை, அரிசி விலையோ எட்டாத உயரத்தில். அடுப்பை மூடிவிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? இப்பொழுது நாம் பார்க்கிற தருமச்சாலைக் கட்டிடம் அந்தப் பழைய மண்சுவர் அல்ல; பிற்பாடு எடுத்துக் கட்டியது. பழைமை என்று அங்கே மிஞ்சியிருப்பது கல்லும் மரமும் இல்லை, நெருப்பு ஒன்றுதான். புராதனச் சின்னங்களின் ஜாபிதாவில் நெருப்பை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்களோ தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் புதிதாகக் கட்டிடம் கட்டலாமா என்பது சமீப காலத்துப் பெரிய சர்ச்சை. 2024-இல் தைப்பூசம் மறுபடி ஜனவரி 25-ஆம் தேதியிலேயே வந்தது, அதுவும் வியாழக்கிழமை. சபை திறந்த நாளே திரும்பி வந்தது போலிருந்தது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி, சுமார் 100 கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இடம், பெருவெளி. ஏப்ரலில் பள்ளம் தோண்டத் தொடங்கியதும் பார்வதிபுரத்து ஜனங்கள் வந்து மறித்தார்கள். ஆமாம், 80 காணி கொடுத்தவர்களின் சந்ததிகள்தான். விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று.

மையம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார்கள். அரசாங்கத்தின் நோக்கத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். அடிகளின் 200-ஆவது பிறந்த வருஷத்தைக் கொண்டாடி, அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் தேதியைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தவர்கள், ஏதாவது பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் என் கட்சி கிராமத்தார் கட்சிதான். வெட்டவெளி என்றால் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைப்பது பட்டணத்துப் புத்தி. கொரோனா காலத்தில், 2022 ஜனவரி 14 முதல் 18 வரை, வழிபாட்டு இடங்களுக்குள் ஜனங்களை விடக்கூடாது என்று உத்தரவு. அந்த வருஷத் தைப்பூசம் 18-ஆம் தேதி விழுந்தது. அன்றைக்கு வெறிச்சென்று கிடந்ததைக் கண்ட பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் சிலருக்கே அந்த வெளியின் அருமை புரிந்ததாம். உள்ளே இடம் வேண்டாதபடி, வெளியே நின்றே எல்லோரும் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அது. புலால் உண்ணாதவர்கள்தான் சபைக்குள் நுழையலாம் என்று உள்ளே கண்டிப்பு உண்டு. வெளியில் எந்தக் கண்டிப்பும் கிடையாது, சோற்றுக்கும் கிடையாது.

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறைத் தரிசனம். வடலூரிலிருந்து ஜனங்கள் நடந்தே போகிறார்கள். அதோடு கடைகள் கழற்றப்படுகின்றன. பொரி, வளையல், பலூன் எல்லாம் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. பத்திரிகைக்காரர்கள் அதற்கு முன்பே போயாயிற்று.

நான் மறுநாள் காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் தருமச்சாலையில் சாப்பிட்டேன். பந்தியில் முப்பது நாற்பது பேர் இருக்கலாம். கோணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர். வேலை தேடி வந்தவர்கள் போல இரண்டு வடக்கத்திப் பையன்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு, எழுந்து போகாமல் தயங்கி நின்றாள். சேலைத் தலைப்பிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து நீட்டினாள்.

“அவருக்கு உடம்பு முடியலீங்க. வரமுடியாது.”

பரிமாறினவர் வாளியை வாங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

“சின்ன வாளியா இருக்கேம்மா” என்றார்.